ராமநாதபுரம் கடற்கரைச் சுற்று: பூக்காலத்தில் காரில் வருபவர்கள் செய்யும் தவறுகள்

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் மலை கிடையாது. இங்கே மேடு என்றால் மணல்மேடுதான். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மார்கழி பிறந்து, மாசி வரைக்கும் அந்த மணல்மேடுகள் பூத்துக் கிடக்கும். ஊதாநிறத்தில் அடம்பங்கொடி, சற்று உள்ளே தள்ளித் தரிசில் கொழுஞ்சி, சாலையோரத்தில் மஞ்சளாய் ஆவாரை. காரில் நிதானமாகச் சுற்றினால் இரண்டு நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். ஆனால் அந்த மாதங்களில் வருகிற கார்களில் பாதிக்கு மேல் ஒரு பூவைக்கூடப் பார்க்காமல் திரும்புகின்றன என்பதுதான் எனக்கு மனக்குறை. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. திட்டம் போடும்போதே விழுகிற சில பிழைகள்தான்.

முதல் பிழை, தனுஷ்கோடியைச் சாயங்காலத்துக்கு ஒதுக்குவது. வழக்கமான திட்டம் இப்படித்தான் இருக்கும்: காலையில் மதுரையில் கிளம்பி, ராமேஸ்வரம் கோவிலில் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடி, சாப்பிட்டுக் கொஞ்சம் அசந்துவிட்டு, மூன்று நான்கு மணிக்கு, இரண்டு கடலும் சேருகிற தனுஷ்கோடி முனையான அரிச்சல்முனை. அடம்பம்பூ விடியற்காலையில் விரியும், வெயில் ஏறினால் துவளும், மதியத்துக்குப் பிறகு சுருண்டுவிடும். ஒரு பூவின் ஆயுள் ஒரே ஒரு முற்பகல். நான்கு மணிக்குப் போகிறவர் கண்ணில் படுவது வெறும் பச்சைக்கொடி. போதாக்குறைக்கு, மாலையில் குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு செக்போஸ்டில் வண்டிகளை உள்ளே விடமாட்டார்கள். உள்ளே இருப்பவர்களையும் கிளம்பச் சொல்லிவிடுவார்கள். அந்த நேரம் அவ்வப்போது மாறும் என்பதால் முதல்நாளே ராமேஸ்வரத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே வரிசையை மாற்றிப் போடுங்கள். முந்தின இரவே ராமேஸ்வரத்திலோ மண்டபத்திலோ தங்கி, செக்போஸ்ட் திறந்ததும் உள்ளே போய்விட வேண்டும். போகிற வழியில் சாலையின் இருபக்கமும் பூ. ஒன்பது மணிக்குள் அரிச்சல்முனையைப் பார்த்துத் திரும்பினால் கோவிலுக்கும் நேரம் இருக்கும். மதியம் நடை சாத்துவார்கள், அதற்குள் முடியாவிட்டால் மாலையில் தரிசனம் செய்துகொள்ளலாம்.

மாதத்தைத் தவறாகப் பிடிப்பது அடுத்தது. பிள்ளைகளுக்கு லீவு என்று மே மாதம் வருகிறார்கள். அப்போது பூ இருக்காது, பறவை இருக்காது, காரை விட்டு இறங்கவே முடியாத வெயில். நுங்கும் பதநீரும் கிடைக்கும், அது ஒன்றுதான் ஆறுதல். ஜூன், ஜூலையில் தென்மேற்குக் காற்று தனுஷ்கோடிச் சாலையில் மணலைக் கொண்டுவந்து குவிக்கும், இருசக்கர வண்டிகள் அதில் சறுக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் நடுவரை மழையும் புயலும். பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று செய்தியில் கேட்டால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். 1964 டிசம்பரில் ஒரே இரவில் ரயிலோடு ஓர் ஊரையே கடல் கொண்டுபோன இடம் தனுஷ்கோடி.

நல்ல மாதத்திலும் சில நாட்களைத் தவிர்க்க வேண்டும். தை அமாவாசையன்று அக்னி தீர்த்தம், சேதுக்கரை, தேவிபட்டினம் மூன்று இடத்திலும் பிதுர்க்கடன் கொடுக்க வருகிற கூட்டத்தில் வண்டி நகராது. மார்கழித் திருவாதிரைக்கு உத்தரகோசமங்கையில் மரகத நடராசரின் சந்தனக்காப்பைக் களைவார்கள். வருடத்தில் அன்றைக்கு மட்டும்தான். அதைத் தரிசிக்க வருவதென்றால் அதற்கென்றே வாருங்கள், பூப் பார்க்கும் பயணத்தோடு சேர்க்காதீர்கள்.

வரைபடத்தைப் பார்த்து ‘சுற்று’ என்று நினைத்துக்கொள்வதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தீவுக்குச் சாலைப்பாலம் ஒன்றே ஒன்று. போன வழியில்தான் திரும்ப வேண்டும். அதனால் இதை இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது. ஒருநாள் கிழக்கே: ராமநாதபுரம், உச்சிப்புளி, அரியமான் கடற்கரை, மண்டபம், பாம்பன், தனுஷ்கோடி. மறுநாள் தெற்கே: திருப்புல்லாணி, சேதுக்கரை, கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், பிறகு உத்தரகோசமங்கை பக்கமாகச் சுற்றி ராமநாதபுரம். இரண்டையும் ஒரே நாளில் அடைக்கப் பார்ப்பவர்கள் கடைசியில் நாள் முழுக்கச் சாலையைத்தான் பார்க்கிறார்கள்.

இனி, எனக்கு மிகவும் வருத்தம் தருகிற தவறு. தார்ச்சாலையை விட்டு மணலில் காரை இறக்குவது. போட்டோவுக்காகச் செய்கிறார்கள், இரண்டு கடலுக்கும் நடுவே வண்டி நிற்க வேண்டுமாம். அந்த மேடுகளைக் காற்று அடித்துக்கொண்டு போகாமல் நிறுத்தி வைத்திருப்பது அடம்பங்கொடியும் ராவணன்மீசைப் புல்லும்தான். கொடி மணல்மேல் படர்ந்து, கணுவுக்குக் கணு வேர் இறக்கி, வருகிற மணலையெல்லாம் பிடித்துவைக்கும். மணல் மூடினால் அதற்கும் மேலே ஏறிப் படரும். இப்படித்தான் மேடு வளர்கிறது. புயல் அலைக்கு இந்த மேடுதான் முதல் தடுப்பு. இந்தக் கரையில் குடியிருப்பவர்களுக்கு அதன் அருமை தெரியும். டயர் ஒருமுறை ஏறினால் கொடி நசுங்கும், பல இடத்தில் வேரோடு பிய்ந்துவிடும். அந்தத் தடத்தைப் பார்த்து அடுத்த கார் அதே வழியில் இறங்கும். பத்து வண்டி போன இடத்தில் காற்று பள்ளம் பறிக்க ஆரம்பித்துவிடும், பிறகு அங்கே கொடி மறுபடி பிடிக்க வெகுகாலம் ஆகும்.

அது மட்டுமா? இந்தப் பூக்காலத்தில்தான் பங்குனி ஆமை கரையேறி முட்டையிடும். குழி தோண்டி, முட்டையிட்டு, மணலால் மூடிவிட்டுப் போய்விடும். வனத்துறையினர் விடியுமுன் தடம் பார்த்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைக்கிறார்கள், ஆனால் எல்லாக் குழியும் கண்ணில் படுவதில்லை. மேலே டயர் ஏறினால் உள்ளே என்ன மிஞ்சும்?

வண்டிக்கும் இது நல்லதல்ல. மேலே காய்ந்து இறுகினாற்போலத் தெரியும், அடியில் சேறு. “அங்கிட்டு இறக்காதீங்க சார், புதைஞ்சிரும்” என்று மீனவர்கள் கத்துவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். ஒதுக்கும்போது தெரியாமல் சக்கரம் சிக்கிவிட்டால் ஆக்ஸிலேட்டரை மிதிக்காதீர்கள், மிதிக்க மிதிக்கக் குழி ஆழமாகும். எல்லோரும் இறங்கி, சக்கரத்தின் முன்னால் மணலை வாரிவிட்டு, பனைமட்டையோ கால்மிதியோ போட்டு, டயர்க் காற்றைக் கொஞ்சம் குறைத்து, மெதுவாக நகர்த்த வேண்டும். அப்புறம் ராமேஸ்வரம் வந்ததும் காற்றை நிரப்பிக்கொள்ளுங்கள். பூவை நடந்துபோய்ப் பாருங்கள், செருப்போடு. ராவணன்மீசை காலில் குத்தினால் சுருக்கென்று இருக்கும், நெருஞ்சி வேறு கிடக்கும்.

பாம்பன் பாலத்தில் காரை நிறுத்துவதைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. 1988இல் திறந்த சாலைப்பாலம், எதிரும் புதிருமாக வண்டி போகிற அகலம்தான், காற்றும் பலமாக வீசும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தின் நடுவில் 72.5 மீட்டர் நீளத்துக்கு அப்படியே மேலே தூக்கும் பகுதி இருக்கிறது. அதைப் பார்க்கும் ஆசை நியாயமானதுதான். பாலம் முடிந்து இறங்கி, வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பாருங்கள்.

கடலில் இறங்குவது வேறொரு தவறு. மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும் இங்கே சொல்வார்கள், முன்னது சீறும், பின்னது அடங்கியிருக்கும் என்பதால். வெளியூர்க்காரர்கள் இதை அப்படியே நம்பிப் பெண்கடலில் பிள்ளைகளை இறக்கிவிடுகிறார்கள். பூக்காலத்தில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும், அப்போது கொந்தளிப்பது பெண்கடல்தான். அரிச்சல்முனையில் எந்தப் பக்கமும் இறங்கக்கூடாது. இரண்டு நீரும் சேருகிற இடத்தில் இழுப்பு எப்போதும் உண்டு, கரையும் சட்டென்று ஆழமாகும். குழந்தைகள் தண்ணீரில் விளையாட வேண்டுமென்றால் அரியமான் இருக்கிறது. சவுக்குத்தோப்பு நிழலும் கிடைக்கும். அங்கேயும் அலையைப் பார்த்துத்தான்.

கோதண்டராமர் கோவில் போகிற வழியில் தேங்கிய உப்புநீரில் குளிர்காலத்தில் பூநாரைகள் வரும். 2025இல் அரசு தனுஷ்கோடிப் பகுதியைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறது. அவை பறக்கும்போது சிறகின் சிவப்பு தெரியும் என்பதற்காகக் கைதட்டியும் ஹாரன் அடித்தும் கிளப்புகிறார்கள். வெகுதூரம் பறந்துவந்து இரை தேடும் பறவையை வீணாகக் கிளப்பினால் அது தின்றதெல்லாம் அந்தப் பறப்பிலேயே செலவாகும். ட்ரோனும் வேண்டாம். பைனாகுலர் ஒன்று கொண்டுவாருங்கள், அரைமணி நேரம் பேசாமல் நின்றால் தானாகவே எழும்பும்.

கரையில் கிடக்கும் பவளப்பாறைத் துண்டைப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள், யாராவது விற்றாலும் வாங்காதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

தெற்குச் சுற்றில் செய்கிற தவறு வேறு மாதிரி. கோவில், தர்கா என்று இறங்கி ஏறிவிட்டு நடுவில் உள்ளதைத் தூங்கிக்கொண்டே கடந்துவிடுகிறார்கள். அந்த நடுவில்தான் குடைபோல விரிந்த உடைமரங்களும், பனங்காடும், வாலிநோக்கத்து உப்பளமும் இருக்கின்றன. கண்மாய்களில் தண்ணீர் நிற்கிற வருடமென்றால் சக்கரக்கோட்டை, மேலச்செல்வனூர், சித்திரங்குடி ஆகியவற்றில் ஒன்றையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் கூடு கட்டியிருக்கும். மழை பொய்த்த வருடத்தில் கண்மாய் காய்ந்து கிடக்கும், அதனால் கிளம்புமுன் ஊரில் யாரிடமாவது கேட்டுவிடுவது நல்லது. மாசிக்குப் பிறகு வந்தால் குண்டு மிளகாயைச் சாலையோரம் பரப்பிக் காயவைத்திருப்பார்கள். அது ஒரு குடும்பத்தின் வருட உழைப்பு, ஓரத்தில் டயரை ஏற்றிவிடாமல் மெதுவாகப் போங்கள்.

மற்றபடி, ராமேஸ்வரத்தைத் தாண்டினால் பெட்ரோல் பங்க் கிடையாது, டேங்கை அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள். தனுஷ்கோடியில் நல்ல தண்ணீர் அங்கிருப்பவர்களுக்கே அரிது, ஆகவே கேனில் எடுத்துப் போங்கள், காலிப் பாட்டிலைத் திரும்பக் கொண்டுவாருங்கள். இடிந்த தேவாலயச் சுவர்மேல் ஏறாதீர்கள், உதிர்ந்துகொண்டிருக்கிறது. வீடு திரும்பிய மறுநாளே காரின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் பீய்ச்சிக் கழுவிவிடுங்கள். இந்தக் கரையின் உப்புக்காற்று இரும்பை வேகமாகத் தின்னும்.