டெம்பர் கண்ணாடி தானாக வெடிக்காமல் இருக்க

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கடைக்கு டெம்பர் கண்ணாடிக் கதவு போடப் போகிறீர்களா? யாரும் தொடாமலே ஒரு கண்ணாடி பொலபொலவென்று கொட்டினால் இங்கே எல்லோரும் வெயிலைத்தான் குற்றம் சொல்வார்கள். வன்னி வெயில் கடுமைதான், ஆனால் நல்ல டெம்பர் கண்ணாடியை வெயில் மட்டும் உடைப்பது அரிது. பழுது அநேகமாக ஓரத்தில் இருக்கும், இல்லாவிட்டால் கண்ணாடிக்கு உள்ளேயே இருக்கும்.

டெம்பர் செய்வதென்றால், கண்ணாடியை 600 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கிச் சடாரென்று காற்றடித்துக் குளிர்விக்கும்போது மேற்பரப்பு நெருக்குண்டு, நடுப்பகுதி இழுபட்டு நிற்கும். அதன் பலமே அதுதான். கண்ணாடியை உருக்கும்போது நிக்கல் சல்பைட் துகள் ஒன்று கலந்துவிட்டால், அது மாதக்கணக்காக, சிலவேளை வருடக்கணக்காக, மெல்லப் பருத்து அந்த நடுப்பகுதியில் வெடிப்பைக் கிளப்பிவிடும். பூட்டிய பிறகு இதற்கு மருந்தில்லை. அதனால் ஓடர் கொடுக்கும்போதே ‘ஹீட் சோக்’ செய்த கண்ணாடி வேண்டும் என்று கேளுங்கள், பில்லிலும் எழுதி வாங்குங்கள். 260 பாகை அளவில் சூளைக்குள் வைத்திருந்து பழுதானதை அங்கேயே உடையவிடுவதுதான் அது. முழு உத்தரவாதம் இல்லை, ஆனாலும் ஆபத்து நன்றாகக் குறையும்.

சரி, ஓரம். லொறியால் இறக்கும்போது சீமெந்துத் தரையில் நேரே வைக்க விடாதீர்கள், பலகையும் அதன்மேல் றப்பரும் போடச் சொல்லுங்கள். பூட்டுமுன் நாலு ஓரத்தையும், முக்கியமாக மூலைகளையும் துளைகளைச் சுற்றியும், டோர்ச் அடித்துப் பாருங்கள். சின்னதாகப் பெயர்ந்திருந்தாலும் திருப்பி அனுப்புங்கள், சிலிக்கன் பூசி மறைக்க விடவே வேண்டாம். அளவு கூடிவிட்டதென்று கிறைண்டர் பிடித்தால் கண்ணாடி அப்படியே நொறுங்கும். வெட்டுவதும் துளைப்பதும் டெம்பர் செய்ய முதலே முடிந்திருக்க வேண்டும்.

இரும்பு கண்ணாடியில் நேரே படக்கூடாது. பிணைச்சலுக்கும் கண்ணாடிக்கும் நடுவே றப்பர் இருக்கிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள், ஸ்குரூவை அளவுக்கு மீறி முறுக்க விடாதீர்கள். அலுமினியச் சட்டம் வெயிலில் கண்ணாடியை விடக் கூடுதலாக நீளும், ஆகவே சுற்றிவர இடைவெளி வேண்டும். பக்கத்தில் வெல்டிங் நடந்தால் கண்ணாடியை மூடிவையுங்கள், பொறி பட்ட இடம் பிறகு பலவீனமாகும்.

தலைக்கு மேலே வரும் கண்ணாடி என்றால் லமினேட் செய்ததை, அதாவது இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியதைத்தான் போடுங்கள், இதில் காசு பார்க்க வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் உடைந்து, துண்டுகள் சட்டத்திலேயே நின்றால், கூட்டித் தள்ளுமுன் படம் எடுங்கள். வண்ணத்துப்பூச்சி இறக்கைபோல ஒட்டிய இரண்டு பெரிய துண்டும் நடுவில் ஒரு புள்ளியும் தெரிந்தால் பெரும்பாலும் அந்த நிக்கல் சல்பைட் துகளின் வேலை, கண்ணாடி விற்றவரிடம் கேளுங்கள். கீறல்கள் பிணைச்சலிலிருந்து கிளம்பியிருந்தால் பூட்டியவரிடம் கேளுங்கள்.