பல குழுக்களிலிருந்து வரும் கோரிக்கைகள்: எதை முதலில் செய்வது?

ஆண்ட்ராய்டுக்கு ஓர் இலவசத் தமிழ் விசைப்பலகைச் செயலி எழுதி வெளியிட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கொஞ்ச நாளிலேயே கோரிக்கைகள் நாலா பக்கமிருந்தும் வரும். பிளே ஸ்டோரில் ஒருவர் "எழுத்தே வரமாட்டேங்குது" என்று ஒற்றை நட்சத்திரம் போட்டிருப்பார். டெலிகிராம் குழு டார்க் மோட் (கறுப்புப் பின்னணி) கேட்கும். நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஒருவர் மூன்று பக்கத்துக்கு யோசனை எழுதியிருப்பார். யாழ்ப்பாணத்திலிருந்து வரும் மின்னஞ்சல் பாமினி விசை அமைப்பு எங்கே என்று கேட்கும். கேட்பது எல்லாமே நியாயம்தான். ஆனால் நிரல் எழுதுவது நீங்கள் ஒருவர், அதுவும் ஞாயிற்றுக்கிழமைகளில்.

படி 1: எல்லாவற்றையும் ஒரே தாளில் சேருங்கள்

ஒரு கூகுள் ஷீட் போதும். தேதி, எங்கே கேட்டார், என்ன சொன்னார், எந்த வகைப் பயனர் என்று நான்கு பத்திகள். சொன்னதை அவர் வார்த்தையிலேயே ஒட்டுங்கள். சுருக்கி எழுதினால் நம் எண்ணமும் அதில் கலந்துவிடும். பெயர், தொலைபேசி எண் வேண்டாம்.

படி 2: பேசாதவர்களைத் தேடுங்கள்

கிட்ஹப்புக்கு வருபவர்கள் பெரும்பாலும் கணினிக்காரர்கள். தமிழ்99 விசை அமைப்பு தெரிந்தவர்களும் அங்கேதான் அதிகம். ammaa என்று தட்டி 'அம்மா' வரவழைக்கும் பெருங்கூட்டம் எங்கேயும் வாய் திறக்காது. கண்பார்வை மங்கிய பெரியவர் விமர்சனம் எழுதமாட்டார், செயலியை நீக்கிவிட்டுப் போய்விடுவார். இவர்களில் நாலைந்து பேர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் தட்டுவதைப் பாருங்கள். "என்ன வசதி வேண்டும்?" என்று கேட்டால் ஏதாவது சொல்லிவைப்பார்கள். "கடைசியாக எங்கே மாட்டிக்கொண்டீர்கள், அப்புறம் என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள்.

படி 3: கோரிக்கைக்குப் பின்னால் இருக்கும் சிக்கல்

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். மூன்று பேர் மூன்று விதமாகக் கேட்டிருப்பார்கள்: "ழ-வுக்குத் தனி பட்டன் வையுங்கள்", "ஷிஃப்ட் தானாக விடுபடக் கூடாது", "பரிந்துரைச் சொற்களின் வரிசையை மாற்றுங்கள்". பார்க்க மூன்று வசதிகள். ஆனால் ஆங்கில எழுத்தில் தட்டும்போது சின்ன l போட்டால் ல், பெரிய L போட்டால் ள், z போட்டால் ழ். போனில் ஒவ்வொரு முறையும் ஷிஃப்ட் அழுத்துவது தொல்லை. ஆக மூவருக்கும் சிக்கல் ஒன்றே: ல, ள, ழ மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. மூன்றையும் ஒரே வரியாகச் சேர்த்து, ஆள் எண்ணிக்கையைக் கூட்டிப் போடுங்கள். தீர்வு அவர்கள் சொன்ன மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை.

படி 4: மொத்த வாக்கை மட்டும் எண்ணாதீர்கள்

விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை 2015 முதல் தன்னார்வலர்களிடம் விருப்பப் பட்டியல் வாக்கெடுப்பு நடத்தியது. ஆதரவு வாக்குகள் அதிகம் பெற்றவை முன்னால் வரும். இப்படி எண்ணினால் ஆள்பலம் உள்ள விக்கிப்பீடியாக்காரர்கள் கேட்டதே மேலே நிற்கும். விக்கிமூலம் (நூலகம்), விக்சனரி (அகராதி) போன்ற சிறு திட்டங்கள் பின்தங்கும். 2020 வாக்கெடுப்பில் விக்கிப்பீடியாவை ஒதுக்கிவைத்துவிட்டுச் சிறு திட்டங்களுக்கான கோரிக்கைகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். மின்னூல் ஏற்றுமதியைச் சீராக்குவதும், ஸ்கேன் செய்த பக்கத்தை எழுத்தாக்கும் ஓசிஆர் கருவியும் அதில் மேலே வந்தன. தமிழ் விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்ப்பவர்களுக்கு இவற்றின் அருமை தெரியும்.

நீங்களும் ஷீட்டில் குழுவுக்கு ஒரு பத்தி வைத்துத் தனித்தனியாக எண்ணுங்கள். ஒரே டெலிகிராம் குழுவில் நாற்பது பேர் கைதூக்கினால், அது பெரும்பாலும் ஒருவர் கேட்டதற்கு முப்பத்தொன்பது பேர் தலையாட்டியது.

படி 5: கணக்குப் போடுங்கள்

கோரிக்கைகளுக்கு மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்த ரைஸ் (RICE) என்று ஒரு மதிப்பீட்டு முறை உண்டு. தொடக்கத்தில் அதன் எளிய வடிவம் போதும்: ஆட்கள் × வலி ÷ வேலை நாட்கள். வலிக்கு 1 முதல் 3 வரை. இருந்தால் நன்றாயிருக்கும் என்றால் 1, எரிச்சல் என்றால் 2, செயலியைப் பயன்படுத்தவே முடியவில்லை என்றால் 3.

டார்க் மோட்: 40 × 1 ÷ 4 = 10
ல, ள, ழ சிக்கல்: 30 × 2 ÷ 5 = 12
பாமினி: 15 × 3 ÷ 3 = 15

குறைந்த ஆட்கள் கேட்ட பாமினி முதலில் வந்துவிட்டது. அதை மட்டுமே பழகியவருக்கு வேறு வழியில்லை என்பதால் இது சரிதான்.

வேலை நாட்களைக் குத்துமதிப்பாகப் போடாமல், நிரலைத் திறந்து பார்த்துவிட்டுப் போடுங்கள். பாமினிக்கு ஒரு விசை அட்டவணை எழுதினால் முடிந்தது என்று தோன்றும். ஆனால் அதில் 'கெ' எழுத முதலில் ெ, பிறகு க தட்டவேண்டும். இன்று எல்லாக் கருவிகளும் பயன்படுத்தும் எழுத்துக் குறியீடான யூனிகோடில் க முதலில், ெ பிறகு. வரிசையை மாற்றும் நிரல் தனியாக வேண்டும். டார்க் மோடும் இப்படித்தான். விக்கிமீடியாவின் 2019 வாக்கெடுப்பிலேயே அது முதல் பத்துக்குள் வந்தது. விக்கிப்பீடியா வாசகர்களுக்கு முறையாகக் கிடைத்தது 2024-இல். தன்னார்வலர்கள் எழுதிய எண்ணற்ற வார்ப்புருக்களில் (பல பக்கங்களில் திரும்பத் திரும்பப் பயன்படும் அச்சுகளில்) நிறங்கள் நேரடியாகப் பதிந்திருந்தது ஒரு பெரிய தடை.

சில விஷயங்களுக்குக் கணக்கே வேண்டாம். தட்டியது அழிகிறது, கடவுச்சொல்லைப் பரிந்துரையாகக் காட்டுகிறது என்று ஒரே ஒருவர் சொன்னாலும் அன்றைக்கே சரிசெய்யுங்கள்.

படி 6: பதில் சொல்லுங்கள்

இப்போது, அடுத்து, செய்யப்போவதில்லை என்று மூன்று பட்டியலைப் பொதுவில் வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிக் காரணம். கேட்டவர் எங்கே கேட்டாரோ அங்கேயே பதில் போடுங்கள்; வாட்ஸ்அப்பில் கேட்டவர் கிட்ஹப்புக்கு வந்து பார்க்கமாட்டார். "பார்க்கிறோம்" என்று மட்டும் எழுதாதீர்கள், அதை நம்பிக் காத்திருப்பார்கள். டெலிகிராம் குழுவுக்கு இப்படி எழுதலாம்: "டார்க் மோட் இந்த வெளியீட்டில் இல்லை. பாமினியும் ழகரச் சிக்கலும் முடிந்தபின் எடுக்கிறோம். அதுவரை, ஆண்ட்ராய்டு அமைப்புகளில் திரையின் ஒளியைக் குறைக்கும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்திப் பாருங்கள். நிறங்களைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தவர் யாராவது வடிவமைத்துத் தந்தால் முன்னதாகவே சேர்த்துவிடலாம்."