ஒரே போன் இருக்கிற வீட்டுக்கு வி.ஆர். பாடம் கொண்டுபோவது எப்படி

திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல் பக்கம் ஐந்து பெண்பிள்ளைகளுக்கு ராத்திரி ஆன்லைனில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். அம்மாமார் எல்லாரும் பீடி சுற்றுகிறவர்கள், வீட்டுக்கு ஒரே போன், அதுவும் அப்பாவோ அண்ணனோ வேலை முடிந்து வந்தால்தான் கைக்கு வரும். வி.ஆர். (காட்சிக்குள்ளேயே நிற்கிற மாதிரி சுற்றிலும் பார்க்க வைக்கும் மெய்நிகர் நுட்பம்) முதலில் போய்ச் சேர வேண்டியது இவர்களிடம்தான். லேப், மாடல், டியூஷன் எல்லாம் இருக்கிற பிள்ளைக்கு அது இன்னொரு வசதி. இவர்களுக்கோ ஒரு மூலக்கூறு இடத்தில் எப்படி நிற்கிறது என்று பார்க்க வேறு வழியே இல்லை.

முதலில் போனைச் சோதியுங்கள், ஹெட்செட்டெல்லாம் அப்புறம். யூடியூப் ஆப்பில் ஒரு 360 டிகிரி வீடியோவைத் திறந்து போனை இடமும் வலமும் திருப்பச் சொல்லுங்கள். காட்சி கூடவே திரும்பினால் போன் திரும்புவதை உணரும் ஜைரோஸ்கோப் சென்சார் இருக்கிறது, லென்ஸ் வைத்த அட்டைப்பெட்டி போதும். திரும்பாவிட்டால் பெட்டி வாங்காதீர்கள், காசு வீண். என் ஐந்து பேரில் மூன்று பேர் போனில் அது கிடையாது, அவர்கள் விரலால் இழுத்துத்தான் பார்க்கிறார்கள், பாடம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

வீடியோவை நம்பிப் பாடம் அமைக்க வேண்டாம். சுற்றிலும் உள்ள எல்லாத் திசையும் அதில் அடங்கியிருப்பதால் ஒரு நேரத்தில் கண்முன் தெரிவது அகலத்தில் கால்வாசிதான். தெளிவாகத் தெரிய வேண்டுமென்றால் டேட்டா அள்ளிக்கொண்டு போகும். அதற்குப் பதில் நாமே ஒரு காட்சி செய்யலாம். அதற்கான நிரல் கருவி, 2015இல் மொசில்லாவில் தொடங்கிய ஏ-ஃபிரேம், இலவசம், பிரவுசரிலேயே ஓடும், பத்துப் பதினைந்து வரி எழுதினால் போதும்.

நான் செய்தது மீத்தேன், நடுவில் ஒரு கார்பன், சுற்றி நான்கு ஹைட்ரஜன். புத்தகத்தில் அதைக் கூட்டல் குறி மாதிரி வரைந்திருப்பதால் கோணம் 90 என்றே பிள்ளைகள் மனதில் பதிந்துவிடுகிறது, உண்மையில் 109.5 டிகிரி. ஏ-ஃபிரேமில் பார்ப்பவரின் கண் உயரம் 1.6 மீட்டர், எனவே 0 1.6 0 (இடவலம், உயரம், முன்பின்) என்ற இடத்தில் ஒரு என்டிட்டி, அதாவது மற்றவற்றை உள்ளே வைக்கும் வெற்றுக் கூடு, வையுங்கள். அதற்குள் ஹைட்ரஜனுக்கு நான்கு கோளங்கள்: 2 2 2, 2 -2 -2, -2 2 -2, -2 -2 2. நடுவில் கார்பனை வைக்காதீர்கள், அந்த இடத்தில் பிள்ளை நிற்கட்டும். https என்று தொடங்கும் இணைய முகவரியில் ஏற்றினால்தான் சென்சார் வேலை செய்யும், கிட்ஹப் பேஜஸ் என்ற இணையதளச் சேவை அதற்குப் போதும். தமிழ் எழுத்து ஏ-ஃபிரேம் காட்சியில் சரியாக வராது, விளக்கத்தை நீங்களே வாயால் சொல்லிவிடுங்கள்.

பார்க்கும்போது உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும், ஐந்து நிமிடம், தலை சுற்றினால் உடனே கழற்றிவிட வேண்டும். வலிப்பு வந்த பிள்ளைக்குப் பெட்டியை மாட்டவே கூடாது. கையில் கோதுமை மாவு உருண்டை ஒன்றும் நான்கு ஈர்க்குச்சியும் இருக்கட்டும். பார்த்ததை அதில் குத்திக் காட்டச் சொல்லுங்கள், பாடம் அங்கேதான் நடக்கிறது. ஒரு பிள்ளை நான்கு குச்சியையும் தட்டையாகக் குத்திவிட்டு மறுபடி பெட்டிக்குள் பார்த்தாள். “எக்கா, மேல ரெண்டு நிக்கு, கீழ ரெண்டு நிக்கு” என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சாய்த்துக் குத்தினாள். பக்கத்தில் சுளவை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்த அம்மா கையை நிறுத்திவிட்டு, “எனக்கும் காட்டுட்டி” என்று பெட்டியை வாங்கினார். வாங்கட்டும், அந்த நேரத்தைப் பாடத்தில் கணக்கு வையுங்கள். அம்மா ஒரு தடவை பார்த்துவிட்டால் மறுநாள் போன் சீக்கிரமே கைக்கு வருகிறது.

அடுத்த வகுப்பில் நீங்கள் எழுதிய அந்த நிரலைப் பிள்ளைகளிடமே கொடுத்து ஒரு கோளத்தின் வரியை அழிக்கச் சொல்லுங்கள். இப்போது அவர்கள் நிற்பது அம்மோனியாவின் நைட்ரஜன். கோணம் ஏன் 107க்கு இறங்குகிறது என்று கேட்டுவிட்டு, மீதி மூன்றையும் நகர்த்த அவர்களிடமே விட்டுவிடுங்கள்.