குரு வேண்டாம் என்று தனியாகக் கிளம்புகிறவர் தன்னைச் சரிபார்த்துக்கொள்வது எப்படி?

ஆன்மிகத் தேடலில் குருவை நம்பிப் போகிறவர்களுக்கு அவரால் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. அவர் வழி சொல்கிறார். அப்புறம், சீடன் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ளும்போது அதைக் கண்டுபிடித்துச் சுட்டிக்காட்டுகிறார். முதல் காரியத்துக்கு ஆள் தேவையில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். இரண்டாவதை யாராவது, எப்படியாவது செய்தே ஆக வேண்டும். தனியாகக் கிளம்புகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். வழி தெரியாமல் கெட்டவர்களைவிட, "நான் நன்றாக வளர்ந்துகொண்டிருக்கிறேன்" என்ற நினைப்பில் கெட்டவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால் எப்படி உட்காருவது, எப்படி மூச்சு விடுவது என்பதெல்லாம் இதில் இருக்காது. தனியாகப் போகிறவர் தன்னை எப்படிச் சரிபார்த்துக்கொள்வது என்பதைத்தான் எழுதுகிறேன்.

நான் செவிலியர். பல வருடங்களாகப் பெரும்பாலும் இரவு டியூட்டி. எந்த ஆசிரமத்திலும் தங்கியதில்லை, தீட்சை வாங்கியதில்லை. கற்றுக்கொண்டதில் பாதி வார்டில், மீதி வீட்டில்.

தனியாகப் போனவர்கள்

1929 ஆகஸ்ட் 3 அன்று ஹாலந்தில் ஓமன் என்ற இடத்தில் ஜே. கிருஷ்ணமூர்த்தி தன் பெயரைச் சுற்றி எழுப்பப்பட்டிருந்த அமைப்பைக் கலைத்தார். அவரை உலகத்துக்கே ஆசானாகக் கொண்டுவருவதற்காக 1911இல் தொடங்கப்பட்ட அமைப்பு அது. உண்மைக்குப் பாதை என்று ஒன்று கிடையாது, எந்த அமைப்பாலும் அங்கே கூட்டிக்கொண்டு போக முடியாது என்று ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் சொன்னார். நன்கொடையாக வந்த கோட்டையும் நிலமும் கொடுத்தவருக்கே திரும்பிப் போயின. அதற்குப் பிறகு 1986இல் இறக்கும் வரை, என் பேச்சை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்றுதான் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனாலும் அவரையே குருவாக்கி, அவர் வார்த்தையை மேற்கோள் காட்டி அடுத்தவர் வாயை அடைத்தவர்கள் உண்டு. இதில் நான் பார்ப்பது ஒன்றுதான். எதிரே இருப்பவர் குரு பீடத்திலிருந்து இறங்கிவிட்டாலும், ஒருவரை அங்கே உட்கார வைக்க வேண்டும் என்ற நம் தேவை இறங்குவதில்லை.

ரமணர் கதையும் கிட்டத்தட்ட அப்படித்தான். 1896இல் மதுரையில், பதினாறு வயதில், திடீரென்று மரண பயம் வந்தது. அவர் பிணம்போலப் படுத்து, சாவது எது என்று உள்ளே பார்த்தார். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அதற்கு முன்னால் பயிற்சி எதுவும் செய்ததில்லை. பின்னாளில் மற்றவர்களுக்கு அவர் கொடுத்த 'நான் யார்' என்ற கேள்வியைச் சிலர் ஜபம் மாதிரி உருப்போட்டார்கள். அது திரும்பத் திரும்பச் சொல்வதற்கான மந்திரம் இல்லை என்று அவரே விளக்க வேண்டியிருந்தது. கேள்வியைக்கூட நாம் வழிமுறையாக்கிவிடுகிறோம். கேள்வியைச் சொல்லிக்கொண்டே இருந்தால் பார்க்க வேண்டியதில்லை, அதுதான் அதில் இருக்கும் வசதி.

எதற்காக என்று கேட்டுக்கொள்ளுங்கள்

"நான் உள்ளுக்குள் மாறியிருக்கிறேன் என்பது என் ஆயுள் முழுக்க ஒருவருக்கும் தெரியப்போவதில்லை என்றால், அப்போதும் இது எனக்கு வேண்டுமா?" இதைக் கேட்டுவிட்டு உடனே பதில் சொல்லாதீர்கள். உடனே வரும் "ஆமாம்" பெரும்பாலும் படித்ததிலிருந்து வருவது. நிஜமான பதில் கொஞ்சம் கூச்சத்தோடு வரும். யாரோ ஒருவரைவிட மேலானவராகத் தெரிய வேண்டும், விட்டுப்போனவர் வருத்தப்பட வேண்டும், பயம் போக வேண்டும், இப்படி ஏதாவது. எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. அதை மாற்ற வேண்டாம், அது இருக்கிறது என்று தெரிந்தால் போதும். பின்னால் பல இடங்களில் வேறு உடுப்பில் அது வந்து நிற்கும். அப்போது அடையாளம் கண்டுகொள்ளலாம்.

சும்மா உட்காருவது பற்றிக் கொஞ்சம்

சும்மா இருப்பது சுகம் என்று சொல்லிச் சொல்லியே அது எளிதான காரியம் என்று ஆக்கிவிட்டோம். 2014இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். ஓர் அறையில், கையில் எதுவும் இல்லாமல், பதினைந்து நிமிடம் தங்கள் எண்ணங்களோடு மட்டும் இருக்க வேண்டும். வேண்டுமானால் ஒரு பொத்தானை அழுத்தித் தங்களுக்கே லேசான மின் அதிர்ச்சி கொடுத்துக்கொள்ளலாம். இந்த அதிர்ச்சியைத் தவிர்க்கக் காசுகூடக் கொடுப்போம் என்று முன்னால் சொன்னவர்கள்தான் அவர்கள். ஆனாலும் 18 ஆண்களில் 12 பேரும், 24 பெண்களில் 6 பேரும் பொத்தானை அழுத்தினார்கள். உட்கார முடியவில்லை என்று வருத்தப்படுகிறவர்களுக்கு நான் இதைச் சொல்வதுண்டு. உங்களிடம் தனியாகக் குறை ஒன்றும் இல்லை.

நேரம் வைக்காமல், போனைப் பக்கத்து அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள். கொஞ்ச நேரத்தில் மனசு பழைய சண்டைகளை மறுபடி நடத்த ஆரம்பிக்கும். அதை விரட்டவும் வேண்டாம், மூச்சைக் கவனிக்கத் திருப்பவும் வேண்டாம். முழுதாக நடக்க விடுங்கள். அந்தச் சண்டைகளில் ஒரு விஷயம் மாறவே மாறாது. நாம் பேசும் வசனம் கூர்மையாக இருக்கும், எதிராளிக்குப் பதில் வராது. நம்மை நாம் எப்படி வைத்துக்கொண்டிருக்கிறோம் என்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் இடம் வேறு இல்லை.

எழுந்திருக்கும்போது "இன்று நன்றாக அமைந்தது" என்றோ "இன்று சரியில்லை" என்றோ தோன்றினால், உட்காருவது வியாபாரமாகிவிட்டது என்று அர்த்தம். அப்படித் தோன்றினால் சில நாள் உட்காராமல் இருந்துவிடுங்கள். ஒன்றும் கெட்டுப்போகாது.

மற்றவர்கள்தான் திருத்துகிறார்கள்

என்னைக் கேட்டால் உட்கார்ந்திருக்கும் நேரத்தைவிட எழுந்து நடமாடும் நேரம்தான் முக்கியம். தனியாக இருக்கும்போது யார்தான் அமைதியாக இருக்கமாட்டார்கள்?

இரவு இரண்டு மணிக்கு ஒரே படுக்கையிலிருந்து மூன்றாவது முறை மணி அடிக்கிறது. ட்ரிப்ஸ் சரியாகத்தான் ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். தலையணையைச் சரிசெய்யத்தான் கூப்பிடுகிறார் என்றும் தெரியும். நாற்காலியிலிருந்து எழும்போதே தாடை இறுகுகிறது. "இவருக்கு வேற வேலையே இல்ல" என்ற வாக்கியம் அதற்குப் பின்னால்தான் வருகிறது. இந்த வரிசையை நீங்களும் கவனித்துப் பாருங்கள். முதலில் உடம்பு, அப்புறம் காரணம். எரிச்சலுக்கான நியாயத்தை மனசு பின்னால் வந்து எழுதிக்கொள்கிறது. தாடை இறுகும் இடத்திலேயே தெரிந்துவிட்டால், அந்த வாக்கியம் வந்தாலும் அதில் முன்பு இருந்த பலம் இருப்பதில்லை. தெரியாமல் போகும் இரவுகளும் உண்டு. அன்றைக்கு எரிச்சலோடுதான் தலையணை சரியாகும், அவ்வளவுதான்.

அப்புறம் குற்றச்சாட்டு. "சிஸ்டர், நீங்க வந்து எட்டிக்கூடப் பாக்கலையே" என்று நோயாளியின் மகன் சத்தம் போடுகிறார். விளக்கம் தயாராக நாக்கு நுனியில் நிற்கிறது. பணிவாக இருக்க வேண்டும் என்று அதை விழுங்கச் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் விளக்கம் எவ்வளவு வேகமாக வந்தது என்று மட்டும் பாருங்கள். உண்மையைச் சொல்ல அவ்வளவு வேகம் தேவைப்படாது. எதையோ காப்பாற்றத்தான் அந்த வேகம். எதை என்று பார்ப்பதுதான் நம் வேலை.

இதற்கு மேலே ஒன்று உண்டு, அதற்குத் துணிச்சல் வேண்டும். உங்களோடு ஒரே வீட்டில் இருக்கும் ஒருவரிடம், அவர் நல்ல மனநிலையில் இருக்கும்போது, "என்கிட்ட பேசறதுல உனக்கு எது கஷ்டமா இருக்கு?" என்று கேளுங்கள். முதலில் "ஒண்ணும் இல்லையே" என்பார்கள். காத்திருந்தால் வரும். "நீ கேக்கற மாதிரி முகத்த வச்சிருக்க, கேக்கறதில்ல" என்பது மாதிரி ஏதாவது வரும். அன்று முழுக்க அதற்கு விளக்கம் சொல்லாதீர்கள். மறுநாளும் சொல்லாதீர்கள். அது பொய் என்று தோன்றினாலும் கூடவே வைத்துக்கொண்டு நடமாடுங்கள். எந்த ஆசிரமத்திலும் இதைவிடக் கடுமையான கண்டிப்பு கிடைக்காது.

யாரிடம் கேட்கக்கூடாது என்பதும் இருக்கிறது. உங்களை மெச்சுகிறவரிடம் கேட்க வேண்டாம், உங்களிடம் சம்பளம் வாங்குகிறவரிடமும் வேண்டாம். உங்களை வெறுப்பவர் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அப்படியே நம்ப வேண்டியதில்லை.

கேசபுத்தம் என்ற ஊரில் காலாமர்கள் என்ற மக்கள் புத்தரிடம் ஒரு சந்தேகம் கேட்டார்கள். வருகிற ஒவ்வொரு துறவியும் தன் கொள்கையைப் புகழ்கிறார், அடுத்தவருடையதை இகழ்கிறார், நாங்கள் யாரை நம்புவது? வழிவழியாக வந்தது என்பதற்காக நம்பாதீர்கள், நூலில் இருக்கிறது என்பதற்காகவோ இவர் எங்கள் ஆசான் என்பதற்காகவோ நம்பாதீர்கள் என்று அவர் சொன்னதைக் குரு வேண்டாம் என்பவர்கள் அடிக்கடி எடுத்துச் சொல்வார்கள். அதன் மிச்சப் பகுதியைச் சொல்பவர்கள் குறைவு. பேராசையும் வெறுப்பும் மயக்கமும் ஒரு காரியத்தால் கூடுகின்றனவா குறைகின்றனவா என்று நீங்களே பாருங்கள் என்றார். விவேகமுள்ளவர்கள் அதைப் பழிக்கிறார்களா, ஏற்கிறார்களா என்பதையும் சேர்த்தே சொன்னார். தனக்குத் தோன்றியதே சரி என்று அவர் விட்டுவிடவில்லை. தனியாகப் போகிறவருக்கு இந்த இரண்டாம் பாதிதான் அதிகம் தேவை.

அமைதியா, மரத்துப்போனதா?

இதைப் பற்றி நான் விரிவாகவே எழுத வேண்டும். ஏனென்றால் என் வேலையில் இது தினமும் குறுக்கே வருகிறது, வெளியே இதைப் பேசுகிறவர்களோ குறைவு.

ஒருவர் இறந்துபோகிறார். குழாய்களை எடுக்கிறோம், உடம்பைத் துடைக்கிறோம், படிவம் எழுதுகிறோம். அழுகை வரவில்லை, பதற்றமும் இல்லை. ஆன்மிகம் படித்தவர் இதைப் பற்றின்மை என்று எடுத்துக்கொள்ள எல்லா வாய்ப்பும் இருக்கிறது. தொடர்ந்து துன்பத்தின் பக்கத்திலேயே இருப்பவர்களுக்குப் பரிவு வறண்டுபோவது செவிலியர் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அது பார்ப்பதற்கு அப்படியே ஞானம் மாதிரி இருக்கும். எதுவும் பாதிப்பதில்லை, யாரிடமும் கோபமில்லை, எதன் மீதும் பெரிய ஆசையில்லை. குரு இருந்தால் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார் என்று வைத்துக்கொள்வோம். நாம் எப்படிக் கண்டுபிடிப்பது?

துக்கத்தை வைத்துப் பார்க்காதீர்கள், சந்தோஷத்தை வைத்துப் பாருங்கள். மரத்துப்போனவருக்கு வலி மட்டும் தனியாகக் குறைவதில்லை. குழந்தை சிரித்தாலும் உள்ளே எதுவும் அசைவதில்லை. பாட்டு வெறும் சத்தமாக இருக்கும். நிஜமான அமைதியில் நேர்மாறாக நடக்கும். காது கூர்மையாகும். நோயாளியின் மூச்சு மாறியிருப்பது பக்கத்துக் கட்டிலிலிருந்தே தெரியும். இறந்தவரின் மனைவி அவர் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்பது கண்ணில் படும், அது வலிக்கவும் செய்யும். வலித்த பிறகும் கை நடுங்காமல் அடுத்த வேலையைச் செய்ய முடிகிறதா என்பதே கேள்வி.

எதுவும் பாதிப்பதில்லை என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்குக் கவலைதான் வரும். அவருக்கு முதலில் தேவைப்படுவது தூக்கமும் விடுமுறையும், நம்பிப் பேச ஓர் ஆளும்தான்.

மற்ற சறுக்கல்கள்

குரு இல்லாததே ஒரு பட்டமாகிவிடலாம். "நான் யாரையும் பின்பற்றுவதில்லை" என்று ஒரே வாரத்தில் பலரிடம் சொல்லியிருந்தால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். குருவை நம்பிப் போகிறவரைப் பார்த்து மனசுக்குள் பரிதாபப்படுவதும் இதே வகைதான்.

"நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன்" என்று உள்ளே ஒரு மேற்பார்வையாளர் உருவாகிவிடுவார். அவர் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போடுவார். அவரைத் துரத்தப் போனால் துரத்துகிறவர் இன்னொரு மேற்பார்வையாளர். அவர் போடும் மதிப்பெண்ணையும் மற்ற எண்ணங்களோடு சேர்த்துப் பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

புத்தகங்கள் படிக்கலாம். ஆனால் ஒரு பக்கம் குத்தும் இடத்தில் மூடிவிட்டு எழுந்து நடமாடுங்கள். அடுத்த பக்கம் ஆறுதல் சொல்லிவிடும்.

மருத்துவரிடம் போக வேண்டிய நேரம்

தொடர்ந்து பல இரவுகள் தூக்கமே வராமல், அதே சமயம் களைப்பே தெரியாமல் உற்சாகம் பொங்கினால் அதை ஞானம் என்று எண்ண வேண்டாம். தன் உடம்பு தன்னுடையதில்லை என்பது போன்ற உணர்வு பயமுறுத்தினாலோ, குரல்கள் கேட்டாலோ, உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றினாலோ உட்காருவதை அன்றே நிறுத்துங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். தியானத்தில் ஈடுபட்டவர்களைப் பேட்டி கண்டு பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில் பயம், தூக்கக் கேடு, தன்னிலிருந்து தானே விலகிப்போனது போன்ற உணர்வு எல்லாம் பதிவாகியிருக்கின்றன. ஆசிரியரோடு செய்தவர்களுக்கே வந்திருக்கிறது என்றால், தனியாக இருப்பவர் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

மருந்து எழுதிக்கொடுத்தால் சாப்பிடுங்கள். மாத்திரை போட்டுக்கொண்டால் உள்ளே பார்ப்பது கெட்டுவிடும் என்று பயந்து பாதியில் நிறுத்தியவர்களை வார்டில் மறுபடி சேர்த்துக்கொண்டிருக்கிறேன். நன்றாகத் தூங்கி எழுந்தவரால் தாடை இறுகுவதை இன்னும் தெளிவாகவே பார்க்க முடியும்.