முதுகு பிடித்துக்கொண்டால் வீட்டில் நடக்கும் தவறுகள்

திருப்பூரில் பிசியோதெரபிஸ்ட்டாக இருப்பவனுக்கு முதுகுப் பிடிப்புக்குப் பஞ்சமே இல்லை. துணி ரோலைத் தூக்கியவர், நாள் முழுக்க ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தவர், வீட்டில் சிலிண்டரை நகர்த்தியவர் என்று யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். ஏற்கெனவே பட்டவர்கள் ஓரளவு விவரமாக இருப்பார்கள். முதல் தடவை பிடித்தவர்கள்தான், அண்ணனோ அப்பாவோ செய்த காரியங்களை வரிசை மாறாமல் செய்து முடித்துவிட்டு வருகிறார்கள்.

குனிந்து தூக்காதே, கூன் போட்டு உட்காராதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன். நான் பேசுவது சாதாரணத் தசைப்பிடிப்பைப் பற்றி. பெரும்பாலும் ஒரு பக்கமாக, உள்ளங்கையால் மூடிவிடக்கூடிய இடத்தில் வலி இருக்கும். திரும்பினாலோ குனிந்தாலோ சுரீர் என்னும், காலுக்கு இறங்காது. பலருக்கும் சில நாளில் குறைய ஆரம்பித்து, சில வாரத்தில் போய்விடும்.

படுத்தே கிடப்பது

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே எனக்குக் கோபம் வரும்.

ஒரு கட்டிங் மாஸ்டர், நாற்பது வயதுக்காரர். ரோலை மேஜைமேல் ஏற்றும்போது இடுப்புக்கு மேலே பிடித்துக்கொண்டது. போன இடத்தில் சீட்டில் 'பெட் ரெஸ்ட்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எத்தனை நாள் என்று எழுதவில்லை. வீட்டில் மெத்தையை எடுத்துவிட்டுத் தரையில் பாய் விரித்தார்கள். சாப்பாடு படுத்த இடத்துக்கே வந்தது. எழுந்தால் "ஏனுங்க, சும்மா கெடங்களேன்" என்று மனைவி அதட்டுவார். மூன்று வாரம் கழித்து இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

பிடித்த இடத்தை அழுத்திப் பார்த்தேன், பெரிதாக வலியே இல்லை. ஆனால் கட்டிலிலிருந்து எழச் சொன்னால் விளிம்பை இறுக்கிப் பிடித்ததில் விரல் முட்டியெல்லாம் வெளுத்துவிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, உடம்பைப் பலகை மாதிரி விறைத்துக்கொண்டு எழுந்தார். நின்றதும் தொடை நடுங்கியது. முதலில் வந்த வலி போய்விட்டது. மிச்சம் இருந்தது படுத்ததில் வந்த பலவீனமும், அசைந்தால் ஏதாவது அறுந்துவிடும் என்ற பயமும்தான். அவர் எழுந்து நடமாடுவதற்குள் கம்பெனியில் வேறு மாஸ்டரைப் போட்டுவிட்டார்கள்.

இது ஏதோ புதுக் கண்டுபிடிப்பு என்றால்கூடப் பரவாயில்லை. 1986-லேயே அமெரிக்காவில் இடுப்புவலிக்காரர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு 2 நாள், மறுபாதிக்கு 7 நாள் படுக்கை என்று சொல்லிப் பார்த்தார்கள். 2 நாள் சொல்லப்பட்டவர்கள் வேலைக்குப் போகாத நாட்கள் 45 சதவீதம் குறைவு. மற்றபடி உடம்பு தேறியதில் வித்தியாசம் இல்லை. 1995-ல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகர ஊழியர்களிடம் இன்னொரு சோதனை. படுக்கச் சொன்னவர்கள், பயிற்சி கொடுத்தவர்கள், முடிந்தவரை வழக்கம்போல் இருங்கள் என்று மட்டும் சொல்லப்பட்டவர்கள் என மூன்று கூட்டம். சீக்கிரம் தேறியது மூன்றாவது கூட்டம்தான். இவ்வளவு வருஷம் கழித்தும் 'பெட் ரெஸ்ட்' சீட்டு வந்துகொண்டே இருக்கிறது. என்னிடம் தொழில் பழக வருகிற பிசியோதெரபி மாணவர்கள் வாயிலும் முதல் வாரம் அதே வார்த்தைதான் வருகிறது.

சரி, என்னதான் செய்வது? முதல் ஓரிரு நாள் வலி தாங்கவில்லை என்றால் அவ்வப்போது படுங்கள், தப்பில்லை. மல்லாந்து படுத்தால் முழங்காலுக்கு அடியில் தலையணை, ஒருக்களித்தால் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் தலையணை. தரையில் படுக்கவே வேண்டியதில்லை. பிடிப்பு இருக்கும்போது தரையிலிருந்து எழுவதுதான் ஆகக் கஷ்டம், அதை ஏன் தேடிப் போக வேண்டும்? கட்டிலிலிருந்து நேராக எழாதீர்கள். முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் சேர்ந்தாற்போல ஒரு பக்கம் புரண்டு, காலைக் கட்டிலுக்கு வெளியே இறக்கிக்கொண்டே கையை ஊன்றி எழுங்கள். அப்புறம் மணிக்கு ஒரு தடவையாவது வீட்டுக்குள் நடங்கள். நடக்கும்போது லேசாக வலிக்கும், அது கெடுதல் இல்லை. வலி காலுக்கு இறங்கினால் அல்லது நடந்து முடித்தும் வெகு நேரம் ஏறியே இருந்தால் அளவைக் குறையுங்கள். வேலைக்குப் போக முடியுமானால் போங்கள், ரோலை மட்டும் கொஞ்ச நாள் வேறு யாராவது தூக்கட்டும்.

தைலத்துக்கு மேல் ஒத்தடம்

ஒத்தடம் நல்லது. தவிடோ கல் உப்போ வறுத்துத் துணியில் கட்டி, முன்கையின் உள்பக்கத்தில் வைத்துப் பார்த்து, 15 முதல் 20 நிமிடம் கொடுங்கள். ஐஸா சூடா என்று கேட்பவர்களுக்கு: முதுகுத் தசைக்குச் சூட்டையே முதலில் சொல்வேன்.

தைலத்தை அள்ளித் தேய்த்துவிட்டு அதன் மேலேயே வெந்நீர்ப் பையை வைத்துக் கட்டுகிறார்களே, அதுதான் தப்பு. தோல் வெந்து கொப்புளத்தோடு வருகிறவர்கள் உண்டு. சர்க்கரையால் உணர்ச்சி மழுங்கியவர்களுக்குச் சுடுவதே தெரியாது. பையின் மேலேயே விடிய விடியப் படுப்பவர்கள் முதுகைப் பார்த்தால் மீன் வலை விரித்த மாதிரி பழுப்புக் கோடுகள் இருக்கும், பல நாள் சூடு பட்ட அடையாளம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தைலத்தை அதிகம் பூசக் கூடாது. பல தைலங்களில் இருக்கும் மெத்தில் சாலிசிலேட் தோல் வழியே உள்ளே போய், ரத்தம் உறையாத தன்மையை இன்னும் கூட்டிவிடும்.

மிதிக்கச் சொல்வது

கால் முன்னால் வந்து பிறந்தவர் மிதித்தால் பிடிப்பு விடும் என்பார்கள். அவர் மிதித்தாலும் சரி, தலை முன்னால் வந்தவர் மிதித்தாலும் சரி, வேண்டாம். எலும்பு தேய்ந்த வயதானவர்களுக்கு முதுகெலும்பே நொறுங்கலாம். எண்ணெய் போட்டு மெதுவாக நீவிவிடட்டும், போதும்.

பெல்ட்

இடுப்பைச் சுற்றிக் கட்டியிருந்தால் கழற்றி வையுங்கள்.

செட் மாத்திரை

மெடிக்கல் ஷாப்பில் "முதுகு பிடிச்சிருச்சு, ஒரு செட் குடுங்க" என்றால் சின்னக் காகிதக் கவரில் மூன்று நான்கு மாத்திரை, பெயர் தெரியாமல் வெட்டிப் போட்டுத் தருவார்கள். இரண்டு வேளையில் அற்புதமாகக் கேட்கும். அப்படிக் கேட்டால்தான் எனக்குச் சந்தேகம் வரும், அதில் ஒன்று ஸ்டீராய்டாக இருக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு அது அளவை ஏற்றிவிடும். வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். மாத்திரை வேண்டுமென்றால் டாக்டரிடம் கேட்டு, பெயர் தெரிந்த ஒன்றைச் சில நாளைக்குச் சாப்பிடுங்கள். பாராசிட்டமால் என்றால், 2014-ல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில் புதிய இடுப்புவலிக்கு அது மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிடச் சீக்கிரம் குணமாக்கவில்லை.

முதல் வாரமே ஸ்கேன்

ஐம்பது வயதில் வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்தாலும் பாதிப் பேருக்கு மேல் டிஸ்க், அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் மெத்தை, பிதுங்கியிருப்பது தெரியும். அதைத் தாளில் படித்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்வார்கள்.

எல்லாமே வாயுப் பிடிப்பு என்று நினைப்பது

பெருங்காயமும் பூண்டும் சாப்பிட்டுக் காத்திருக்கக் கூடாத வலிகள் சில உண்டு. மேல் முதுகிலோ தோள்பட்டையிலோ வலியோடு வியர்த்துக் கொட்டினால், மூச்சு முட்டினால், நெஞ்சு அடைத்தால் உடனே 108. மாரடைப்பை வாயு என்று வைத்துக்கொண்டு சோடா குடித்தவர்களை எல்லா ஊரிலும் சொல்வார்கள். சிறுநீர் வராமல் போனாலோ, தெரியாமல் கசிந்தாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, கால் வலுவிழந்து மடங்கினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ராத்திரியாக இருந்தால் ராத்திரியே. காய்ச்சலோடு வரும் வலி, விழுந்த பிறகு வரும் வலி, புற்றுநோய் வந்தவர்களுக்குப் புதிதாக வரும் வலி, படுத்தாலும் எப்படித் திரும்பினாலும் மாறாத வலி, இவற்றை முதலில் டாக்டர் பார்க்கட்டும். என்னிடம் அப்புறம் வரலாம்.