ஸ்டீராய்டு கண் சொட்டு மருந்து: கேட்டு வாங்குவதும் தப்பு, பாதியில் விடுவதும் தப்பு

வடசென்னையில் கண் சிவக்கக் காரணத்துக்குப் பஞ்சமே இல்லை. எண்ணூர், மணலி பக்கம் நிலக்கரித் தூசியும் ஆலைப் புகையும். காசிமேட்டில் உப்புக்காற்றும் வெயிலும். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பட்டறைகளில் கிரைண்டிங் பொறியும் வெல்டிங் வெளிச்சமும். மழைக்காலம் வந்தால் வீட்டுக்கு வீடு மெட்ராஸ் ஐ. கண் சிவந்தவர் முதலில் போவது தெருமுனை மெடிக்கலுக்கு. “அண்ணா, ரெண்டு நாளா கண்ணு செவந்தே கீது, நல்லதா ஒரு டிராப்ஸ் குடுங்க” என்பார். அவரும் எடுத்துக் கொடுப்பார். மறுநாளே கண் வெளுத்துவிட்டால் கடைக்காரருக்குக் கைராசிக்காரர் என்று பெயர் வந்துவிடும்.

அப்படி ஒரே நாளில் வெளுத்ததே எனக்குச் சந்தேகத்தைத் தரும். கிருமியைக் கொல்லும் மருந்து பெரும்பாலும் அவ்வளவு சீக்கிரம் வேலை செய்யாது. ஸ்டீராய்டு செய்யும். ஏனென்றால் அது கிருமியைத் தொடுவதே இல்லை. சிவப்பு, வீக்கம், வலி எல்லாம் உடம்பு காட்டும் எதிர்ப்பு. அந்த எதிர்ப்பைத்தான் ஸ்டீராய்டு அடக்குகிறது. உள்ளே நோய் இருந்தால் அது அங்கேயே இருக்கும், சத்தம் மட்டும் நின்றிருக்கும்.

இதனால் ஸ்டீராய்டைக் கெட்ட மருந்து என்று எண்ணிவிடக் கூடாது. கண்புரை அறுவைக்குப் பின் வரும் அழற்சி, யுவியைட்டிஸ் என்று கண்ணுக்குள்ளேயே வரும் அழற்சி, மாற்றி வைத்த கருவிழியை உடம்பு ஏற்க மறுப்பது போன்றவற்றில் பார்வையைக் காப்பாற்றுவதே இதுதான். யாருக்கு, எத்தனை நாள், யாருடைய கண்காணிப்பில் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பேரைப் பார்த்தால் தெரியாது

தான் போடுவது ஸ்டீராய்டு என்றே தெரியாமல் போடுகிறவர்கள் நிறைய. “ஆன்டிபயாடிக் டிராப்ஸ்தான் போடுறேன்” என்பார்கள். பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் மாக்ஸிஃபிளாக்சசினோ டோப்ராமைசினோ இருக்கும், கூடவே டெக்ஸாமெத்தசோனும் இருக்கும். இப்படி இரண்டும் கலந்த மருந்துகள் நம் ஊரில் ஏராளம். அசல் ஆன்டிபயாடிக்கின் பெயரோடு ஓர் எழுத்து கூடியிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால் பெரிய எழுத்தில் உள்ள பெயரை விட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்துக் கலவையைப் படியுங்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன், பீட்டாமெத்தசோன், ஃபுளோரோமெத்தலோன், லோட்டிப்ரெட்னால், டைஃபுளுப்ரெட்னேட் ஆகிய ஆறில் எது இருந்தாலும் அது ஸ்டீராய்டுதான். இவை டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய மருந்துகள். லேபிளில் இருக்கும் சிவப்புக் கோடு அதற்கான அடையாளம். கோடு இருந்தும் சீட்டு கேட்காமல் கொடுக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சீட்டு கேட்கிற கடையை விட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போகிறவர்களும் நாம்தான்.

மெட்ராஸ் ஐக்கு இந்தக் கலவை மருந்தை வாங்கிப் போடுவது பரவலான தவறு. அது பெரும்பாலும் அடினோ வைரஸால் வருவது. ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே அடங்கும். ஆன்டிபயாடிக்குக்கு வைரஸ் கட்டுப்படாது. ஸ்டீராய்டோ வைரஸ் கண்ணில் தங்கும் நாளைக் கூட்டிவிடக்கூடும். சிலருக்குக் கருவிழியில் புள்ளி புள்ளியாக வரும், இமைக்குள் சவ்வு படரும். அப்போது டாக்டரே ஸ்டீராய்டு எழுதுவார். அது விளக்கு வைத்துப் பார்த்துவிட்டு எடுக்கிற முடிவு.

பட்டறைக் கண்

கிரைண்டிங் செய்யும்போது இரும்புத் தூள் கண்ணில் தெறிக்கும். பக்கத்தில் நிற்கிற மேஸ்திரி துணி நுனியாலோ ஊசியாலோ எடுத்துவிடுவார். அப்புறம் உறுத்தலுக்கு ஒரு டிராப்ஸ். தூள் பட்ட இடத்தில் கருவிழியில் சின்னக் காயம் இருக்கும். காயத்தின் மேல் ஸ்டீராய்டை ஊற்றினால் காயம் ஆறுவது தள்ளிப்போகும், கிருமிக்கும் வழி திறந்துவிடும்.

தென்னிந்தியாவில் கருவிழிப் புண்ணுக்குப் பூஞ்சை ஒரு முக்கியக் காரணம். ஃபியூசேரியம், ஆஸ்பர்ஜில்லஸ் என்ற இரண்டும் அதிகம் காணப்படுபவை. ஓலை, குச்சி, இலை கீறிய கண்ணில் இது எளிதாகப் பிடிக்கும். பூஞ்சைப் புண்ணில் ஸ்டீராய்டு பட்டால் இரண்டு நாள் சுகமாக இருக்கும், புண் அடியில் பரவிக்கொண்டே போகும். ஹெர்ப்பிஸ் வைரஸால் வரும் புண்ணிலும் இதே கதைதான். ஆறினாலும் அந்த இடத்தில் வெள்ளைத் தழும்பு தங்கிவிடும். நம் பாட்டிகள் ‘கண்ணில் பூ விழுந்துவிட்டது’ என்பது இதைத்தான். நடுக் கருவிழியில் விழுந்தால் கருவிழி மாற்று அறுவை வரை போக வேண்டியிருக்கும்.

வெல்டிங் வெளிச்சம் அடித்து, ராத்திரி மணல் கொட்டியதுபோல எரிகிறதா? கண்ணை மூடி ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகும். வலி தாங்க முடியாமல் மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தைச் சிலர் வாங்கி வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். அது ஸ்டீராய்டு அல்ல, ஆனால் கருவிழியைக் கெடுப்பதில் அதற்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல.

வலிக்காமல் போகும் பார்வை

இனி நீண்ட நாள் போடுவதைப் பற்றி. எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான்.

கண்ணுக்குள் ஒரு நீர் சுரந்து வடிந்துகொண்டே இருக்கிறது. ஸ்டீராய்டு சிலருக்கு அந்த வடிகால் வழியை அடைக்கிறது. அழுத்தம் ஏறுகிறது. சாதாரணமாக 10 முதல் 21 வரை (மி.மீ. பாதரச அளவில்) இருக்க வேண்டிய கண் அழுத்தம் 30, 40 என்று போகலாம். எல்லாருக்கும் இப்படி ஆகாது. தொடர்ந்து சில வாரம் போடுகிறவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு ஓரளவு ஏறும், நூறில் ஐந்து பேர் அளவுக்கு மிக அதிகமாக ஏறும். நீங்கள் எந்த வகை என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, அளந்தால்தான் தெரியும். குடும்பத்தில் குளுக்கோமா (பெரும்பாலும் கண் அழுத்தத்தால் பார்வை நரம்பு தேயும் நோய்) உள்ளவர்கள், அதிக மைனஸ் பவர் உள்ளவர்கள், சர்க்கரை நோயாளிகள், குழந்தைகள் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம்.

அழுத்தம் மெல்ல ஏறும்போது வலி இருக்காது. சிவப்பும் இருக்காது, அதைத்தான் மருந்தே துடைத்துவிடுகிறதே. பார்வை நரம்பு ஓரத்திலிருந்து தேயும். நடுப்பார்வை கடைசி வரை நன்றாக இருப்பதால் பஸ் நம்பர் தெரியும், செல்போன் தெரியும், பக்கத்தில் வரும் ஆட்டோ மட்டும் தெரியாது. மருந்தை நிறுத்தினால் அழுத்தம் பெரும்பாலும் சில வாரங்களில் இறங்கும். போன நரம்பு திரும்பாது. கூடவே, லென்ஸின் பின்புறத்தில் கண்புரையும் சிறு வயதிலேயே வரலாம். அதையாவது அறுவை செய்து எடுத்துவிடலாம்.

இதில் அதிகம் சிக்குவது பிள்ளைகள். வெயில் ஏற ஏறக் கண்ணைக் கசக்கிக் கசக்கி, நூல் நூலாகப் பீளை தள்ளி, வெள்ளை விழி பழுப்பேறி நிற்கும் பையன்களைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் ஐந்து வயதுக்கு மேல், ஆண் பிள்ளைகளுக்கே அதிகம். இது ஒருவகை அலர்ஜி. சூடும் தூசியும் உள்ள ஊர்களில் சகஜம், பல பிள்ளைகளுக்குப் பருவ வயதைத் தாண்டும்போது தணிந்துவிடும். முதல் வருஷம் டாக்டர் ஒரு ஸ்டீராய்டு எழுதியிருப்பார், ஒன்றிரண்டு வாரத்துக்கு மட்டும். பையன் அன்றே கசக்குவதை நிறுத்தியிருப்பான். அம்மா காலிப் பாட்டிலைப் பத்திரமாக வைத்திருப்பார். அடுத்த ஏப்ரலில் அதே பாட்டிலைக் கடையில் காட்டி வாங்குவார், அதற்கடுத்த ஏப்ரலிலும். டாக்டர் ஃபீஸும் ஒருநாள் கூலியும் மிச்சம் என்று தோன்றும். அந்தக் கணக்கைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பையனுக்கு ஓரப்பார்வை போனால் அதைச் சொல்ல அவனுக்கே தெரியாது. ஸ்டீராய்டு இல்லாத வழிகளும் இருக்கின்றன: ஓலோபடடின் சொட்டு, தீவிரமாக இருந்தால் சைக்ளோஸ்போரின் சொட்டு, டாக்ரோலிமஸ் களிம்பு. இவை மெதுவாகத்தான் வேலை செய்யும். குளிர்ந்த நீரில் நனைத்த துணியைக் கண்மேல் வைப்பது அரிப்பைக் குறைக்கும். கசக்குவதை நிறுத்த வைப்பதும் முக்கியம், தொடர்ந்து கசக்கினால் கருவிழி கூம்பு போலப் புடைக்கலாம்.

‘மைல்டு ஸ்டீராய்டுதான், பயமில்லை’ என்று சொல்வதும் உண்டு. ஃபுளோரோமெத்தலோனும் லோட்டிப்ரெட்னாலும் அழுத்தத்தைக் குறைவாக ஏற்றும், ஏற்றவே ஏற்றாது என்றில்லை. மாதக்கணக்கில் போட்டால் அவற்றுக்கும் அளந்து பார்க்க வேண்டும்.

பயந்து நிறுத்துவது

இதையெல்லாம் படித்துவிட்டு, கண்புரை அறுவை செய்த அப்பாவின் சொட்டு மருந்தை இன்றோடு நிறுத்திவிடாதீர்கள். அது இதற்கு நேர் எதிரான தவறு. அறுவைக்குப் பின் பொதுவாக ஒரு நாளைக்கு ஆறு முறையில் தொடங்கி, வாரத்துக்கு ஒன்றாகக் குறைத்து, ஐந்தாறு வாரத்தில் முடிப்பார்கள். டாக்டருக்கு டாக்டர் கணக்கு மாறும், உங்கள் சீட்டில் உள்ளதே உங்களுக்கு. பத்தாம் நாள் கண் பளிச்சென்று இருக்கிறதே என்று திடீரென்று விட்டால், அடங்கிய அழற்சி மறுபடி கிளம்பும். யுவியைட்டிஸ் உள்ளவர்களுக்கு இது இன்னும் ஆபத்து.

அறுவை செய்த கண்ணில் வலி கூடினாலோ, பார்வை மங்கினாலோ, சிவப்பு அதிகமானாலோ அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே போக வேண்டும்.

பெரியவர்கள் மூடியின் நிறத்தை வைத்துத்தான் மருந்தை அடையாளம் வைத்திருப்பார்கள். கடையில் வேறு கம்பெனி மருந்து கொடுத்தால் நிறம் மாறிவிடும், கணக்கும் குழம்பிவிடும். பாட்டிலில் பிளாஸ்திரி ஒட்டி, ‘ஆறு வேளை’, ‘மூணு வேளை’ என்று பெரிதாக எழுதிவிடுங்கள். காது சொட்டு மருந்தைக் கண் மருந்தோடு ஒரே டப்பாவில் வைக்க வேண்டாம்.

போடும் முறையில் சில விஷயங்கள். பிரெட்னிசோலோன் அசிட்டேட் போலப் பால் நிறத்தில் உள்ளவற்றில் மருந்து அடியில் தங்கும். குலுக்காமல் போட்டால் முதல் வாரம் தண்ணீரும் கடைசி வாரம் மருந்துமாக விழும். கையைக் கழுவி, கீழ் இமையை இழுத்து, ஒரே ஒரு சொட்டு போதும். இரண்டாவது சொட்டுக்குக் கண்ணில் இடமில்லை, கன்னத்தில்தான் வழியும். கண்ணை மூடி, மூக்கோரத்தில் உள் முனையை ஒரு நிமிஷம் விரலால் அழுத்தினால் மருந்து தொண்டைக்கு இறங்காது. அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிஷ இடைவெளி. களிம்பு இருந்தால் அது கடைசியில். பாட்டில் நுனி இமையில் படக் கூடாது. திறந்து ஒரு மாதம் ஆனால் தூக்கிப் போடுங்கள், மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க வேண்டாம். மே மாத வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் வைத்து ஊர் சுற்றுவதும் கூடாது.

கண் அழுத்தம் அளக்கச் சில நிமிஷம்தான் ஆகும். வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு ஸ்டான்லி மருத்துவமனை கிட்டத்தில் இருக்கிறது. 1819-இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனையும் தூரமில்லை. போகும்போது வீட்டில் இருக்கும் சொட்டு மருந்துப் பாட்டில்களை, காலியானவை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். முகம் வெளுக்கத் தடவும் கிரீமையும் அதிலேயே போடுங்கள். அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும், இமையருகே நாள்பட்டுத் தடவினால் அதுவும் கண் அழுத்தத்தை ஏற்றும். ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் இழுக்கிறீர்களா, மூட்டுவலிக்கு ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்பதையும் சொல்லுங்கள். பல டாக்டர்கள் கேட்பார்கள், கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.