கடலோர நகரத்தைச் சுற்றிப் பார்க்க

கடலோர நகரம் எதுவானாலும், தங்கும் அறைக்கும் முன்பே நான் தேடுவது ஓத அட்டவணையை, அதாவது கடல்நீர் ஏறி வற்றும் நேரப் பட்டியலைத்தான். பாறைக் குட்டைகளும் அகன்ற ஈர மணலும் நீர் வற்றும்போதுதான் வெளிப்படும். அழகே அதில்தான் இருக்கிறது! பெரும்பாலான கரைகளில் ஓத நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை 7 மணிக்கு வற்றினால் நாளை ஏறக்குறைய 7.50க்கு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் இன்னும் தூரம் உள்வாங்கும். உயரமாகவும் திரும்பி வரும். பாறைகளில் நடப்பவர்கள் அதற்கு முன்பே கரையேறிவிட வேண்டும்.

கரை கிழக்கு நோக்கியிருந்தால் கடலோரக் கட்டடங்களைக் காலை வெயிலில் படமெடுங்கள். மேற்கு என்றால் மாலையில். உச்சி வெயிலுக்கு அருங்காட்சியகம் போதும்.

குளிக்க இறங்குபவர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்: உடையும் அலைகளுக்கு நடுவே அமைதியாகத் தெரியும் இடைவெளியை நம்பாதீர்கள். கரைக்கு வந்த நீர் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் கடலுக்குள் திரும்பி ஓடும். இழுபட்டால் எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாக நீந்தி விலகுங்கள். உயிர்காப்பாளர் நிற்கும் பகுதியில் மட்டும் இறங்குங்கள். குழந்தைகளின் கையை விடாதீர்கள்.